மூன்றாவது தடவை

மிதித்தார். வேகம் குறையவில்லை.

மறுபடி மிதித்தார். பிரேக் பெடல் அடிவரை போய் நின்றது. தரையிறங்கிய விமானம் தன்போக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

வலப்பக்க இருக்கையிலிருந்த துணை விமானி திரும்பிப் பார்த்தாள். கேப்டன் தேவசகாயத்தின் முழங்கால்கள் விறைத்திருந்தன.

மழை நின்று பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஓடுபாதை முழுக்கத் தண்ணீர். அது முடியும் இடத்தில் உடைமரக் காடு.

பின்னால் நூற்று நாற்பது பேர்.

பிரேக் அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் கிடந்ததை அவள் பார்த்தாள்.

"பிரேக் இல்ல சார். கால எடுங்க."

பிரேக் போனால் முதலில் காலை எடுக்க வேண்டும். மாற்று பிரேக்குக்குச் சுவிட்சை மாற்ற வேண்டும். பிறகுதான் மிதிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர் இன்னும் அழுத்தி மிதித்தார்.

"கால எடுங்க சார்."

அவர் இருபத்தாறு வருடம் ஓட்டியவர். அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்.

மரங்கள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின.

"தேவசகாயம். கால எடுங்க."

கால்கள் மேலே வந்தன. அவள் சுவிட்சை மாற்றினாள். அவர் மிதித்தார்.

பிடித்தது.

போதவில்லை. ஓடுபாதையைத் தாண்டி அறுபது மீட்டர் போய், முன்சக்கரம் ஒடிந்து, சேற்றில் மூக்கு குத்தி நின்றது.

யாரும் சாகவில்லை. முன்வாசலருகே உட்கார்ந்திருந்த பணிப்பெண் ஜெசிந்தாவுக்கு மட்டும் முதுகெலும்பில் அடி. எழுந்து நடப்பாளா என்று கேட்டதற்கு டாக்டர்கள், பார்க்கலாம் என்றார்கள்.

மூன்றாம் நாள் காலை, அலுவலகத்தில் ஒரு சின்ன அறை. அறிக்கையை அவள் எழுதி வைத்திருந்தாள். இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும்.

தேவசகாயம் நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டார்.

'காலை எடுக்கச் சொன்ன முதல் இரண்டு அழைப்புகளும் கேப்டனுக்குக் கேட்கவில்லை.'

கண்ணாடியைக் கழற்றினார்.

"மொத தடவையே கேட்டுச்சும்மா."

அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"விமானத்து ரெக்கார்டர்ல நான் சொன்னதுதான் சார் இருக்கும். உங்களுக்குக் கேட்டுச்சா இல்லையான்னு அதுல இருக்காது."

"இருக்காது" என்றார்.

பிறகு பேனாவை எடுத்து, 'கேட்கவில்லை' என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்தார். அதன் மேலே, தெளிவாக, 'கேட்டன' என்று எழுதினார்.

கையெழுத்துப் போட்டார். தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அவள் கையெழுத்திட வேண்டிய இடம் அவர் பெயருக்கு நேர் கீழே இருந்தது.

பேனா வெகுநேரம் மேசைமேலேயே கிடந்தது.