நூல் சுற்றிய கீகேப்

“நூலச் சுத்தியும் நிக்க மாட்டேங்குதுங்க!” திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கத்துகிறாள் கோகிலவாணி. பள்ளிபாளையத்தில் அந்த ஓட்டு வீட்டின் பாதி தறிக்கூடம். நான்கு தறிகளும் ஓட, மேசையோடு மெக்கானிக்கல் கீபோர்டும் அதிர்கிறது. உடைந்த கீகேப்புகளுக்கு, அதாவது எழுத்து பொறித்த விசை மூடிகளுக்கு, பதிலாக வாங்கிய புதியவை அடியிலுள்ள தண்டில் லொடலொடவென்று ஆடுகின்றன. இறுகட்டுமென்று தண்டைச் சுற்றித் தறியின் பாவு நூலைக் கட்டிவிட்டவன் கணவன் சிவக்குமார். கஞ்சி போட்ட நூல் வழுக்குமென்று அவனுக்குத் தோன்றவில்லை. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கான தட்டச்சுத் தேர்வு இது. மூன்றாவது, கடைசி வாய்ப்பு. “தறிய நிறுத்துங்களேன்!” “அந்திக்குள்ள துணி பீஸு போவோணும் சாமி. நீ பாட்டுக்கு அடி!” தறியருகிலிருந்து கத்துகிறான் அவன். டப்பென்று ஒரு கேப் துள்ளித் தறிக்கடியில் உருண்டு மறைகிறது. ஓட்டுச் சந்து வெயிலில் பஞ்சுத்தூசி மிதக்கிறது. வெறும் தண்டில் அவள் விரல் சறுக்க, திரையில் ஒவ்வொரு சொல்லாகத் தப்பாகிச் சிவக்கிறது. “போச்சுங்க,” என்கிறாள், ஆனாலும் விரல் நிற்கவில்லை. ஐம்பது நொடிதான் மிச்சம், பத்தியோ பாதிகூட முடியவில்லை. சொல்லுங்களேன், அவளிடத்தில் நீங்கள் இருந்தால் அந்தக் கேப்பைத் தேடிக் குனிவீர்களா, இல்லை, வெறும் தண்டிலேயே அடித்துக்கொண்டு போவீர்களா?