மேடு ஏறுகிறவன்

"இவன் சீட்டுல உக்காரவே மாட்டான் போலிருக்கே!" என்று உடையப்பன் சைக்கிளைச் சுற்றி வந்து சிரித்தான். "டயர் ரெண்டும் தேஞ்சு நூல் தெரியுது. சீட்டுத் தோலு மட்டும் நேத்து வாங்குன மாதிரி பளபளங்குது. மேட்டுல மிதிக்கிறவன் வண்டி இப்படித்தேன் இருக்கும். எந்திரிச்சு நின்னுல்ல மிதிப்பான்!"

சைக்கிளைக் கொண்டுவந்த பெத்தன் துணிப்பையிலிருந்து எடுத்த சட்டையைப் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தான். முழங்கால் வரை செம்மண் புழுதி.

உடையப்பன் மதுரைக்காரன். காரைக்குடியில் சைக்கிள் கடை போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. வருகிறவன் முகத்தைப் பார்க்குமுன் அவன் கொண்டுவரும் சக்கரத்தைப் பார்த்துவிடுவான்.

"எப்ப வாங்குன வண்டிப்பா?"

"வருசம் ஒண்ணாச்சு மொதலாளி. ரங்கூன்ல நெல்லு ஆலையில வேலை பார்க்கயில ஓட்டப் பழகுனேன். ஆலையை மூடிட்டாக. வரும்போது இதைப் புதுசா வாங்கியாந்தேன்."

"இப்ப என்ன, பந்தயமா?"

"பந்தயம் இல்லீங்க, பொழைப்பு. கண்டிப் பக்கம் மலைத்தோட்டத்துல தபால் பை கொண்டுபோக ஆள் கேக்குறாக. வர்ற அமாவாசைக்குக் கங்காணி வாராரு. பிரான்மலை அடிவாரத்துல, காலை ஊனாம மேடு ஏறிக் காட்டணுமாம். ஏறுனாக் கப்பலு."

"ஊனுனா?"

"பழையபடி பண்ணை வேலைதேன்." பெத்தன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வீட்டுல முழுகாம இருக்கு. புள்ளை அங்குட்டுப் போய்ப் பொறந்தாத் தேவலைன்னு பாக்குறேன். கால்ல பழக்கம் பத்தாது. பக்கத்துல எங்கிட்டாவது மேடு இருந்தாச் சொல்லுங்களேன்."

கடையோரம் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த ஜட்காக்காரன் மலையாண்டி வாய்விட்டுச் சிரித்தான். சைக்கிள் வந்ததிலிருந்து அவனுக்குச் சவாரி குறைவு. சைக்கிள்காரன் எவன் கிடைத்தாலும் விடமாட்டான்.

"மலையா? இந்தச் சீமையில மலைன்னு என் பேருல மட்டுந்தேன்டா இருக்கு!"

"குன்னக்குடி இருக்குல்ல?" என்றான் உடையப்பன்.

"அங்க படிக்கட்டு. காவடிக்கு வழி விடுவாரு முருகன், சைக்கிளுக்கு விடுவாராக்கும்?"

"கல்லல் பக்கம் ரயில் ரோட்டு மேடு?"

"கேங்மேன் கம்போட நிப்பான்."

"அமராவதிபுதூர்?"

"தோசைக்கல்லு! மாவை ஊத்துனா ஊத்துன எடத்துலயே நிக்கும். பேசாம ஏதாச்சும் ஒரு செட்டியார் வீட்டு முகப்புப் படியில ஏறச் சொல்லு. அதைவிட ஒசரம் இங்குட்டுக் கெடையாது."

உடையப்பன் விடவில்லை. "உங்க ஊருல கம்மாய்க்கரை இருக்குமேப்பா. அதுல ஏறி எறங்கு."

"ஒருநா ஏறிப் பாத்தேன். எறக்கி விட்டுட்டாக."

"ஏன், கரை ஒடஞ்சுரும்னா?"

"அப்படித்தேன்னு வச்சுக்கங்களேன்."

புல்லை உதறிக்கொண்டிருந்த மலையாண்டியின் கை நின்றது. பெத்தனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் கேலி பேசவில்லை. குதிரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பழைய டயரைக் கழற்றிப் புதியதை மாட்டும்வரை உடையப்பன் யோசித்தபடியே இருந்தான். திடீரென்று தொடையில் தட்டினான்.

"மேடே வேணாம்ப்பா! மதுரையில பந்தயக்காரங்க செய்யிற வேலை சொல்றேன், கேளு. கேரியர்ல ரெண்டு மூட்டை மணலைக் கட்டு. உங்க ஊருல இருந்து இங்க வரைக்கும் ரோடு பாயை விரிச்ச மாதிரி கெடக்கு. தெனம் வந்துட்டுத் திரும்பு. மணலுதேன் உனக்கு மலை. அமாவாசைக்குள்ள காலு இரும்பாயிரும்."

பெத்தன் தலையை ஆட்டினான். முகத்தில் ஒன்றும் மலரவில்லை.

"என்னப்பா, இம்புட்டு நல்ல வழி சொல்றேன், ஒரு சிரிப்புக்கூட வரமாட்டேங்குது?"

"நல்ல வழிதேன் மொதலாளி."

"பெறகென்ன? ரோட்டுக்கு வரி கேக்குறானா எவனும்?"

பெத்தன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். சட்டையை மடித்துத் துணிப்பைக்குள் வைத்தான். திரும்பிப் போக வேண்டிய நேரம்.

சக்கரம் ஓடுகிறதா என்று பார்க்க உடையப்பன் பெடலைக் கையால் சுற்றினான். பாதிச் சுற்றில் நிறுத்திவிட்டுக் குனிந்தான். பெடல் ரப்பரில் கம்பெனிக்காரன் பதித்த எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. விரலால் தடவிப் பார்த்தான். பிறகு சீட்டைத் தடவினான்.

"என்னப்பா இது? மேட்டுல நின்னு மிதிச்சவன் பெடல் இப்படியா இருக்கும்? இதுல காலே படலையே! அம்புட்டுத் தூரத்துல இருந்து எப்படித்தேன் வந்தே?"

பெத்தன் ஹேண்டில்பாரைப் பிடித்தான். புது டயர் ரோட்டில் இறங்கியது.

"தள்ளிக்கிட்டுத்தேன் மொதலாளி… எங்க சாதி ஆளுக அந்த ரோட்டுல ஏறி ஓட்டப்படாது."