சட்டத்துக்குக் கீழே இரண்டு நாய்கள்

கேப்டனும் பட்டாணியும் ஒரே வீட்டில் வளர்ந்த ஸ்பானியல் நாய்கள். அவற்றை வளர்த்த சுலோசனா, இரண்டையும் எண்ணெய் வண்ணத்தில் படமாக வரையச் சொல்லி, தங்க நிறச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

அன்று மாலை விருந்தாளிகள் வந்தார்கள். நாய்கள் துள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடின. வந்தவர்களோ அவற்றைத் தாண்டிப் போய்ப் படத்தின் முன் நின்றார்கள். “அடடா, கண்ணு நம்மையே பார்க்குதே!”

“அக்கா, நாம இங்கேதானே நிக்கிறோம்?” என்றது கேப்டன்.

பட்டாணி படத்தை உற்றுப் பார்த்தது. “அதுங்க குதிக்கல, யார் மேலயும் தாவல. அதான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. நாமளும் அப்படியே உட்காரலாம், வாடா!”

இரண்டும் படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தன. கேப்டன் தலையைச் சாய்த்துக்கொண்டது. பட்டாணி முன்காலை நீட்டிக்கொண்டது.

மறுநாளும் அப்படியே இருந்தன. சுலோசனா பந்தை உருட்டிவிட்டாள். அது கேப்டனின் மூக்கருகே வந்து நின்றது. வால் துடித்தது.

“அசையாதேடா!” என்று பட்டாணி பல்லைக் கடித்தது.

சுலோசனா கொஞ்ச நேரம் காத்திருந்து, பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒருவர் வந்தார். படத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து கீழேயும் பார்த்தார்.

“அட, அச்சு அசலா நாய் மாதிரியே இருக்கே இந்தப் பொம்மைங்க! எங்கே வாங்கினீங்க?”

கேப்டன் வாய் அசையாமல் கிசுகிசுத்தது. “அக்கா, நம்மளைப் பாராட்டிட்டாங்க!”

“கேட்டுச்சு, கேட்டுச்சு! மூச்சு விடாதே!” என்றது பட்டாணி.