பதினேழு பெட்டிகள்

“அட, எந்திரி கண்ணு. இதுக்குப் போயி ஒரு வாரமா?” என்று சொல்லி, கணினியில் அசையும் படம் செய்யும் நித்யஸ்ரீயின் நாற்காலியில் தீனதயாளன் உட்கார்ந்தான்.

பனியன் கம்பெனி முதலாளியின் மகன். நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே பத்து நிமிஷ வீடியோ ஒன்றைப் பார்த்திருந்தான். அதிலிருந்து அவனுக்கு அனிமேஷன் தெரியும்.

நுனிப்புல் மேய்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இவன் புல்லைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி.

அந்த வீடியோவில் அவனுக்குப் பிடித்துப்போனது ஒரு சிவப்புப் பொத்தான். திரையின் கீழே இருக்கும். அதை அழுத்தி வைத்துவிட்டால், எந்தப் பொருளை நகர்த்தினாலும் அது முதலில் எங்கே இருந்தது, எந்த நொடியில் எங்கே வந்து சேர்ந்தது என்று மென்பொருளே குறித்துக்கொள்ளும். நடுவில் உள்ள நகர்வையும் தானாகவே நிரப்பிவிடும்.

நேற்றிலிருந்து மூன்று தடவை வந்து அந்தப் பொத்தானை அழுத்திக் காட்டி, அவளுக்கே பாடம் நடத்திவிட்டுப் போயிருந்தான்.

செய்துகொண்டிருந்தது கம்பெனியின் இணையதளத்துக்கான பக்கம். பதினோரு மணிக்கு, பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் அதைப் பார்த்துவிட்டு வீடியோ காலில் பேசப் போகிறாள். படம், தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் ஹாலின் புகைப்படம். அதில் மின்விசிறிகள் சுற்ற வேண்டும். அவசரக் கதவுக்கு மேலே பச்சை விளக்கு எரிய வேண்டும். ‘பாதுகாப்பே முதலில்’ என்ற எழுத்து மிதந்து வர வேண்டும்.

அந்தக் கதவை அடைத்துக்கொண்டு பதினேழு அட்டைப்பெட்டிகள் இருந்தன.

நிஜ ஹாலிலும் அப்படித்தான். பெட்டிகளுக்குப் பின்னால் பூட்டு வேறு. கதவு திறந்திருந்தால் பெண்கள் போன் பேச வெளியே போய்விடுகிறார்களாம்.

உள்ளே நாற்பத்திரண்டு பெண்கள். கதவை ஒட்டிய மேசையில் பீஸ் பார்ப்பவள் நித்யஸ்ரீயின் அம்மா சின்னாத்தாள். போன மாதம் சுவிட்ச் போர்டு புகைந்தபோது அத்தனை பேரும் இருந்த ஒரே வாசலில் முண்டியடித்தார்கள். அம்மாவின் தோள்பட்டை வீங்கி, நாலு நாள் தலை வாரக்கூட முடியவில்லை. அதற்குப் பிறகும் பூட்டு பூட்டாகவே தொங்கியது.

“ரெண்டு ஆள உட்டு பொட்டிய எடுத்துப்போட்டா, வேற போட்டோ புடிச்சுக்கலாமுங்க சார்.”

அவன் சிரித்தான். ஷிப்மெண்ட் போகிற வரைக்கும் பெட்டிகளைத் தலையிலா வைத்துக்கொள்வது? படத்தில் இல்லாமல் இருந்தால் போதாதா?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறாவது நிறைய இருக்க வேண்டும். இவனிடம் இருந்தது ஒரு மவுஸ்.

சிவப்புப் பொத்தானை அழுத்தினான். படத்தின் எந்த நொடி திரையில் இருக்கிறது என்று காட்டும் நேரக்கோடு இரண்டாவது நொடியில் நின்றிருந்தது. அதை அவன் பார்க்கவே இல்லை. பெட்டிகளைப் பிடித்து இழுத்துப் படத்துக்கு வெளியே தள்ள ஆரம்பித்தான். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கையோடு வந்தது. பின்னால் கதவும் முழுசாக வரைந்து கிடந்தது. அடடா, என்ன சுலபம் என்று அவன் முகம் மலர்ந்தது.

பின்னால் நின்றிருந்த நித்யஸ்ரீக்கு அருவருப்பாக இருந்தது. நாற்பத்திரண்டு உயிரை ஒருவன் ஒரு விரலால் ஓரம் தள்ளுகிறான், கூடவே சீட்டி வேறு அடிக்கிறான்.

பதினேழாவது பெட்டியும் போனது. இரண்டாவது நொடியில் படம் துடைத்து வைத்தது போல் நின்றது. இதையே தளத்தில் ஏற்றிவிடு என்று எழுந்தான்.

“ஒருக்கா ஓட்டிப் பாத்துக்கறீங்களா சார்?”

“ஆட்டோமேட்டிக்குன்னு எதுக்குக் கண்ணு பேரு வெச்சிருக்கறான்?”

அவள் ஏற்றிவிட்டாள்.

பதினோரு மணிக்குப் பையரின் ஆளே அந்தப் பக்கத்தைத் தன் கணினியில் திறந்து, தன் திரையை எல்லோருக்கும் காட்டினாள். வெள்ளை முடி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. தீனதயாளன் டையைச் சரி செய்துகொண்டான்.

முதலில் ஹால் வந்தது. கதவை அடைத்துப் பதினேழு பெட்டிகள் வந்தன. பிறகு பதினேழும் ஒன்றாகக் கிளம்பி, ஆளுக்கொரு பக்கமாக, சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வெளியேறின. துப்புரவான கதவு தெரிந்தது. பச்சை விளக்கு எரிந்தது. ‘பாதுகாப்பே முதலில்.’

படம் மறுபடி முதலிலிருந்து ஓடியது. பெட்டிகள் பழைய இடத்துக்கு வந்தன. மறுபடி கிளம்பின.

அந்த அம்மாள் மூன்று தடவை பார்த்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தீனதயாளனைப் போனோடு அந்தக் கதவுக்குப் போகச் சொன்னாள். இப்போதே, அழைப்பைத் துண்டிக்காமல்.

தீனதயாளன் முகத்தில் ஈயாடவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினான்.

அட்டைப்பெட்டிகள் தரையில் இழுபடும் சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்டது. பிறகு சாவியைத் தேடுகிற கூச்சல். சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மெக்கானிக் சுத்தியலால் பூட்டை அடிக்கிற சத்தம் கேட்டது. ஐந்தாவது அடியில் பூட்டு தெறித்து விழுந்தது. பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அதில் அம்மாவின் குரல் தனியாகத் தெரிந்தது.

நித்யஸ்ரீ தன் நாற்காலியில் உட்கார்ந்து சிவப்புப் பொத்தானை அணைத்தாள்.

அதற்குப் பிறகு யார் யாரோ வந்தார்கள், கத்தினார்கள், பொத்தானை அழுத்தியது யார் என்று கேட்டார்கள். அழுத்தியவன் டையைத் தளர்த்திக்கொண்டிருந்தான்.

நேற்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து, அந்தப் பதினேழு பெட்டிகளையும் அவள் எதற்காக நகர்த்த வாகாக ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து வைத்தாள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. மறைப்பதற்கு மட்டும் என்றால், பெட்டிகளின் மேலேயே கதவை வரைந்ததோடு வேலை முடிந்திருக்கும்.