மிஷின் நிறையத் துணி

ஞாயிற்றுக்கிழமை, துணிக்கூடையோடு ரொஸ்னா எதிர் ஃப்ளாட்டுக்குள் நுழைந்ததுமே சற்குணம் டீச்சர் தொடங்கிவிட்டார். ஓய்வு பெற்றதில் பள்ளிக்கூடம்தான் போயிற்றே தவிர, பாடம் நடத்துவது போகவில்லை.

"மெல்போர்ன்ல இருந்து மகன் அனுப்பின மிஷின். இந்தப் பாயான் லெப்பாஸ் ஊர் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒண்டு கிடைக்காது. தூள் ஒரு கரண்டி போதும், தண்ணியும் கொஞ்சம்தான். ஆனா நிறையத் துணி வேணும், பிள்ளை. என்ர நாலு துணியைப் போட்டா கிடந்து ஆடுது."

"அதுக்குத்தானே டீச்சர், என் துணியும்."

"ரெண்டு மணித்தியாலம் ஓடும். தேத்தண்ணி குடிச்சிட்டு இரு."

மகனின் பங்களா, கார், பதவி எல்லாவற்றையும் ரொஸ்னா இந்த வாரமும் புதிதாகக் கேட்டுக்கொண்டாள்.

"போன் பண்ணாரா டீச்சர்?"

"அவனுக்கு எங்க நேரம்? பெரிய வேலைலா."

மிஷின் நின்றது. ஈரத்துணியை எடுத்து உதறிய டீச்சர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"உன்ர வீட்டிலயும் மிஷின் இருக்கு. துவைச்ச துணியைத்தான் கொண்டு வாறாய். சோப்பு வாசத்திலயே முதல் வாரமே தெரிஞ்சு போச்சு."

ரொஸ்னா குனிந்து கூடையை டீச்சர் பக்கம் நகர்த்தினாள்.

"அடுத்த வாரம் போர்வையும் கொண்டு வா, பிள்ளை. அதுக்கு இன்னும் கொஞ்சம் கூட நேரம் பிடிக்கும்."