'ன்' எழுத்தில் பாட்டு இல்லை

உணவகத்துக்குள் நுழைந்தவரைப் பார்த்ததும், இவர்தான் 'அரைவேக்காட்டு முட்டை' என்று தோமோயேவுக்குத் தெரிந்துவிட்டது.

இணையத்தில் அதுதான் அவர் பெயர். நேரில் பார்த்தால் தோள் அகன்ற, கூச்சப்படுகிற, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆள். சொல்லியிருந்தபடி தோள்பையில் பச்சைத் துண்டு ஒன்றைக் கட்டியிருந்தார்.

"மழைக்குடைங்களா?" என்றார்.

தோமோயே எழுந்து குனிந்து வணங்கினாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மழைக்குடை என்பது அவள் மகள் மினோரி வைத்துக்கொண்ட பெயர்.

மினோரிக்கு ஒரு பாடகியின் குரல் என்றால் பைத்தியம். ஊர் பேர் தெரியாத யார் யாரோ மெட்டுப் போட்டு அந்தப் பெண்ணுக்குப் பாடக் கொடுப்பார்களாம். அவள் யார் கேட்டாலும் மாட்டேன் என்று சொன்னதில்லை போலிருக்கிறது. முகத்தைக் காட்டாமல், வரைந்த படத்தை மட்டும் போட்டுக்கொள்வாள். இந்தக் காலத்தில் அப்படித்தான் நிறையப் பேர்.

அந்தப் பாட்டுகளைத் தலைப்பின் முதல் எழுத்தை வைத்து ஜப்பானிய எழுத்து வரிசைப்படி பிரித்து, வாரத்துக்கு ஒரு எழுத்தாக, 'இதில் இவற்றைக் கேளுங்கள்' என்று மினோரி தன் பக்கத்தில் போடுவாள். 'அ'வில் தொடங்கி 'ன்'னில் முடிகிற வரிசை.

பாதி வழியில், 'நெ' போட்ட வாரத்தில் செத்துப்போனாள். வேலைக்குக் கிளம்பி, வாசலில் காலணி மாட்டக் குனிந்தவள் நிமிரவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வயது இருபத்தாறு.

காரியமெல்லாம் முடிந்து மகளின் கணினியைத் திறந்தபோது வரிசையாகக் கேள்விகள் வந்து கிடந்தன. அடுத்த எழுத்து 'நொ' எங்கே, மழைக்குடை? உடம்பு சரியில்லையா? அவசரமில்லை, காத்திருக்கிறோம்.

இறந்துவிட்டாள் என்று எழுதத்தான் தோமோயே உட்கார்ந்தாள். கை ஓடவில்லை. மகள் எழுத்து வாரியாகச் சேர்த்துவைத்திருந்த பாட்டுகள் அங்கேயே இருந்தன. மகளின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதலில் ஒரே இரைச்சலாக இருந்தது. கேட்கக் கேட்கப் பழகியது. பிடித்தவற்றைப் பொறுக்கி, கீழே இரண்டு வரி எழுதி, 'நொ' என்று போட்டுவிட்டாள்.

'நன்றி, மழைக்குடை' என்று பதில்கள் வந்தன.

மறுநாள் காலை மகளின் படத்துக்கு முன்னால் சோறு வைக்கும்போது அந்தப் பதில்களை வாய்விட்டு வாசித்தாள். வெகு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வீட்டில் பேச்சுக்குரல் கேட்டது.

அப்புறம் 'ஹ'. அப்புறம் 'ஹி'. ஏமாற்றுகிறோம் என்று தெரியாமலில்லை. வெட்கமாகவும் இருந்தது. விட முடியவில்லை.

போன வாரம் 'வ' முடிந்தது. மிச்சம் 'ன்' மட்டும்தான். அதில் தொடங்குகிற தலைப்புக்கு எங்கே போவது? வரிசை முடிந்துவிட்டதே, ஒருதடவை நேரில் கூடலாம் என்று எல்லோரும் கேட்டார்கள்.

முகத்துக்கு நேரே மன்னிப்புக் கேட்பதுதான் முறை என்று தோமோயே ஒத்துக்கொண்டாள். கேட்டுவிட்டால் பிறகு ஒருவரும் எழுத மாட்டார்கள். நாளை முதல் படத்துக்கு முன்னால் வாசிக்க ஒன்றும் இருக்காது.

அரைவேக்காட்டு முட்டை போய் இரண்டு பேருக்கும் தேநீர் பிடித்துவந்து வைத்தார். எதிரே உட்கார்ந்தார். இருபத்தாறு வயதுப் பெண்ணை எதிர்பார்த்து வந்தவர் மாதிரி அவர் திகைக்கவில்லை.

"நான் மழைக்குடை இல்லீங்க. அவளோட அம்மா. எம்பொண்ணு..."

நெற்றி மேசையில் படும்படி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியும்மா. நிமிருங்க, தயவுசெஞ்சு. 'நொ'விலேயே எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

தோமோயே நிமிர்ந்தாள்.

"அதுக்குக் கீழ எழுதியிருந்தீங்களே. 'பாவம் இந்தப் பொண்ணு, மூச்சே விடாமப் பாடுது, தொண்டை கட்டிக்கப் போகுது, முடிச்சதும் யாராவது கொஞ்சம் வெந்நீர் குடுங்க'ன்னு." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கிவிட்டது. "எங்க ஆளுங்க யாரும் அப்படி எழுத மாட்டோம்மா."

"ஏன், தப்பா?"

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அது பொண்ணு இல்லம்மா. வோக்கலாய்டு. மெட்டையும் வரியையும் கம்ப்யூட்டர்ல போட்டா அதுவே பாடும். அதுக்குத் தொண்டையும் கிடையாது, மூச்சும் கிடையாது. அதைப் படிச்சதும் இது மழைக்குடையோட அம்மாதான்னு புரிஞ்சுது. அவங்க கம்ப்யூட்டர்ல அம்மா உக்காந்து எழுதுறாங்கன்னா என்ன நடந்திருக்கும்னும் புரிஞ்சுது. யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு பேசி வச்சுக்கிட்டோம். கேட்டா நிறுத்திடுவீங்களே."

மற்றவர்கள் வெளியே நிற்கிறார்கள், எல்லோரும் ஒன்றாக வந்தால் பயந்துவிடுவீர்கள் என்று தன்னை முதலில் அனுப்பினார்கள் என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் பனியில் நின்றுகொண்டு உள்ளே பார்த்துக் குனிந்தார்கள்.

தோமோயே பதிலுக்குக் குனிந்தாள். ஆனால் மனது அவர்களிடம் இல்லை.

இத்தனை நாளும் ஹெட்போனை மாட்டும்போதெல்லாம், பாடுகிற இவளுக்கும் மினோரி வயதுதான் இருக்கும், எங்கோ ஒரு வீட்டில் இவளுக்கும் ஒரு அம்மா இருப்பாள் என்று நினைத்துக்கொள்வாள். குரல் உச்சிக்குப் போகும்போது, எங்கே இவளுக்கும் ஏதாவது வெடித்துவிடுமோ என்று பயந்து நிறுத்திவிடுவாள். சில நாள் அந்தப் பெண்ணுக்காகவும் படத்துக்கு முன்னால் கைகூப்பியிருக்கிறாள்.

"அப்போ..." என்றாள். "அந்தப் பொண்ணுக்கு எதுவும் ஆகாதா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேசைமேல் அவள் பக்கமாகச் சாய்ந்தார்.

"ஆகாதும்மா," என்றார். "எப்பவும் ஆகாது."