மூலை மேஜையில் தட்டுகிறவர்

எங்கள் தெருமுனைப் பழைய பாரில், ஆளில்லாத மூலை மேஜையை யாரோ விரலால் தட்டும் சத்தம் பட்டப்பகலிலேயே கேட்டது. பயந்துபோய்ப் பலர் குடிக்க வருவதை நிறுத்திவிட்டார்கள். முதலாளி சவரிநாதன் மந்திரிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, மீன் விற்கும் விக்டோரின் உள்ளே வந்தாள். அந்தக் கடைக்குள் பெண்கள் வந்ததே இல்லை. சற்று நேரம் நின்று அந்தத் தட்டலைக் கேட்டாள். "எங்க வீட்டுக்காரரு சோத்துக்குக் காத்திருக்கறப்ப இப்பிடித்தாண்ணே தட்டுவாரு," என்றாள். அவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. காலி நாற்காலியின் பக்கம் குனிந்து, "வீட்டுக்கு வராதீங்கன்னு அன்னிக்குக் கோவத்துல சொல்லிட்டேன். எழுந்து வாங்க, கொழம்பு ஆறிப்போவுது," என்றாள். சத்தம் நின்றது. தெருவில் சுவரோரத்து நிழலை இன்னொருவருக்கு விடுவதுபோல் காலியாக விட்டு, அவள் வெயிலில் பேசிக்கொண்டே நடந்துபோனாள்.